எண்ணூரில் நான் விட்ட கயிறு

எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரை ஆராய்ந்து பட்டம் வாங்கியவள் வெளியே சொல்லக்கூடிய விஷயமல்ல. திருவொற்றியூர்க் கடலோரம், காலடிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தும், நான் கழுத்தளவுத் தண்ணீரில் இருந்தது பிளாஸ்டிக் டிரம்மில்தான். (அதுவும் நாலு வயதில்.)

ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் வருடம், லலிதா மேடம் எங்கள் துறைக்கு வந்தார். வெளிநாட்டில், நடுவே நின்றால் கரை தெரியாத ஏரிகளில் தண்ணீர் எப்படிச் சுழல்கிறது, அந்தச் சுழற்சி நின்றால் அடியில் வாழும் உயிர்கள் என்னவாகும் என்று முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர். பேசி முடித்ததும், "உங்க ஊர்த் தண்ணியப் பாக்கணுமே" என்றார்.

"எண்ணூர் முகத்துவாரம் எனக்கு அத்துப்படி மேடம். படகெல்லாம் பழக்கம்தான்" என்றது ஒரு குரல். அது என்னுடையது என்று எனக்கே கொஞ்சம் பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலை, அப்பாவின் சிநேகிதர் தேசிங்கு மாமாவின் மீன்பிடிப் படகில் ஏறினோம்.

"இன்னா பாப்பா, படக இம்மாம் கெட்டியா புட்ச்சிகினு கீற? அது எங்கியும் ஓடாது" என்றார் மாமா. நான் மேடத்தைப் பார்த்துச் சிரித்து வைத்தேன்.

மேடத்தின் மடியில் ஒரு கருவி. பார்க்க ஃபிளாஸ்க் மாதிரி இருக்கும். தண்ணீரின் உப்பையும் சூட்டையும் நொடிக்கு நொடி குறித்துக்கொள்ளும். விமானத்திலும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். "பதினோரு வருஷமா என்கூடவே இருக்கு. மெதுவா இறக்கு. கயித்து நுனிய மட்டும் படகுல கட்டிக்கோ" என்று என்னிடம் கொடுத்தார்.

மாமா போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். விஞ்ஞானி போல முகத்தை வைத்துக்கொள்ளும் மும்முரத்தில், நான் பாதிதான் கேட்டேன். கருவியை இறக்கினேன். அழகாக இறங்கியது. கீழே யாரோ இழுப்பதுபோலக் கயிறும் கைவழியே வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் நுனியும் எனக்கு டாட்டா காட்டிவிட்டு உள்ளே போனது.

"கட்டலியா?" என்றார் மாமா.

நான் பதில் சொல்வதற்குள், அறுபது வயது மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். நான் போட்ட அலறலில் கொக்குகள் பறந்தன. தண்ணீர் அவருக்கு மார்பளவுதான்.

"நீயும் எறங்கு பாப்பா. கோட்ட வுட்டது நீ, தேடறது நாங்களா?" என்று மாமாவும் குதித்தார்.

திருவொற்றியூர்ச் சாமிகள் அத்தனை பேரையும் கூப்பிட்டபடி, படகின் விளிம்பை விடாமல் இறங்கினேன்.

"அசையாதே" என்றார் மேடம். "கால்ல என்ன தெரியுது?"

"சேறு மேடம்."

"அப்புறம்?"

அப்போதுதான் கவனித்தேன். மார்புக்கு நேரே தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே சில்லென்றது. என் துப்பட்டா மேலே விரிந்து கடலைப் பார்த்து மிதந்தது. கீழே பேன்ட் நுனியோ ஆற்றுப்பக்கம் இழுபட்டது. மேலே ஆறு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதே நேரம், அதே இடத்தில், அடியில் கடல் ஆற்றுக்குள் வந்துகொண்டிருந்தது. நடுவில் நான். கருவி, மானம், நீச்சல் எல்லாமே மறந்துபோனது. வாயைத் திறந்தபடி நின்றேன். வழக்கமாகப் பஸ்ஸில் தாண்டிப்போகிற அதே தண்ணீர்தான்.

மேடம் கண்ணை மூடியிருந்தார். "ஏரியில இதையெல்லாம் திரையில கோடாத்தான் பாப்பேன். காலால பாத்ததே இல்ல."

"இதுக்கா மேடம் இம்மாம் அதிசயம்?" என்றார் மாமா. "இறா குஞ்சு இந்த அடித்தண்ணில குந்திகினுதான் உள்ள வருது. எங்க வூட்டு புள்ளிங்களுக்கே தெரியும்."

மேடம் கண்ணைத் திறந்து, "எந்த மாசம்? எவ்வளவு தூரம்? மழைக்கு அப்புறமா?" என்று கேட்டுக்கொண்டே போனார். மாமா அன்று பரீட்சையே எழுதினார்.

ஒரு மணி நேரம் துழாவினோம். "அடித்தண்ணி உள்ளதான் இஸ்துகினு போவும்" என்று மாமா ஆற்றுப்பக்கம் நகர்ந்து, கால்விரலால் கயிற்றைத் தூக்கினார். கருவி உருண்டுபோன வழியெல்லாம் அடித்தண்ணீரைக் குறித்து வைத்திருந்தது. "நல்ல வேளை, நீ கட்டல" என்றார் மேடம். அந்த இரண்டு தண்ணீர்களைப் பற்றித்தான் பிற்பாடு என் ஆராய்ச்சி முழுவதும்.

ஆனால் ஊருக்கு அதெல்லாம் அநாவசியம். ஈரத்துணியோடு நான் வீடு சேரும் முன்பே, கயிற்றைக் கட்டாமல் விட்ட சேதி சேர்ந்திருந்தது. என் கல்யாணத்தில், கெட்டிமேளம் முழங்கித் தாலி கழுத்தருகே வந்த நேரத்தில், முன்வரிசையிலிருந்து தேசிங்கு மாமா எழுந்து கத்தினார்:

"மாப்ள! நுனிய நீயே கட்டு, அது கைல குடுத்துறாத!"

கல்யாண வீடியோவில் மூன்று முடிச்சு விழுவது தெரியாது. கேமராக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.