பன்னிரண்டாவது கட்டம்

மனித குலத்துக்கு நெருப்பு கிடைத்ததற்கு அடுத்த பெரிய நிகழ்ச்சி, 1998-இல் காரைக்குடிப் பக்கம் எங்கள் நூற்பாலை அலுவலகத்துக்கு ‘நெட்வொர்க் வரைபட சாஃப்ட்வேர்’ வந்து சேர்ந்ததுதான். சிபாரிசு செய்தவன், கணினிப் பிரிவுப் பொறுப்பாளனாகிய அடியேன் அருள் பிரகாஷ். வயரில் எந்தெந்தக் கணினி இணைந்திருக்கிறது என்று அது தானாகவே தேடிப் படம் போட்டுவிடும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

மவுசுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மேனேஜர் குமரப்பன் முன்னிலையில் பொத்தானை அழுத்தினேன். கணினிக்கு ஒன்றாகத் திரையில் கட்டங்கள் முளைத்தன.

“பன்னெண்டு காட்டுது? நம்மகிட்ட பதினொண்ணுதானே இருக்கு?”

“பன்னெண்டாவது, போன தை மாசம் திருட்டுப் போனது சார்.”

திருடியதாக நாங்கள் வேலையை விட்டு நீக்கியது அட்டெண்டர் சேவுகனை. பதினாறு பக்க விசாரணை அறிக்கை என் கைவண்ணம். ‘நல்ல நடை’ என்று ஹெட் ஆபீஸே பாராட்டியது.

“களவு போன சாமான் எப்படி நம்ம வயர்ல இருக்கும்ங்கிறீக?”

“அதுதான் சார் சாஃப்ட்வேரோட மகிமை!”

படம் காட்டிய வயரைப் பிடித்துக்கொண்டே இருவரும் நடந்தோம். அது அக்கவுண்ட்ஸைத் தாண்டி, என் அறைக்குள் நுழைந்து, என் மேஜைக்கு அடியில் போய் நின்றது. அங்கே, எல்லாக் கணினிக்கும் தூசி படாமலிருக்க நானே தைக்கச் சொன்ன பச்சைத் துணி உறைகளில் ஒன்றுக்குள், எட்டு மாதமாக நான் கால் வைத்துக்கொள்ளும் பெட்டி! தைப் பனியில் காலுக்கு வெதுவெதுப்பாக இருந்ததே என்று அப்போதுதான் உறைத்தது.

“வெள்ளையடிக்கிறப்ப சார் ரூமுக்குள்ள எடுத்து வச்சேன். கம்ப்யூட்டரை நிறுத்தக் கூடாதுன்னீகளேன்னு வயரையும் மாட்டிவிட்டேன்” என்றுதான் விசாரணையில் சேவுகனும் சொன்னான். ‘நம்பத்தக்கதன்று’ என்று எழுதினேன். குனிந்து பார்ப்பது விசாரணை அதிகாரியின் கடமைகளில் வராது.

உடனே அவசரக் கூட்டம். தலைவர் அவர், உறுப்பினர் நான்.

“அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டா நம்ம விசாரணை தப்புன்னு ஆயிரும்ல?”

“உங்க கையெழுத்தும் இருக்கு சார்.”

“படத்தைத் திருத்த முடியாதா?”

ஏன் முடியாது? வேண்டாத கட்டத்தின் மேல் வைத்து அழுத்தினால் ‘மறை’ என்று ஒரு வசதி வரும். மறைத்தேன். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. பெட்டியை வெளியே தூக்கினால் நாலு பேர் பார்ப்பார்கள் என்பதால், அது அங்கேயே இருக்கட்டும் என்று ‘ஏகமனதாக’ முடிவாயிற்று.

மறுநாள் பள்ளத்தூரிலிருந்து பஸ் பிடித்து சேவுகன் வந்துவிட்டான். இப்போது செங்கல் சுமக்கிறானாம்.

“எல்லாத்தையும் தானாக் கண்டுபிடிக்கிற மிஷினு வந்திருக்காம்ல சார்? நான் எடுக்கலைன்னு அதுல காட்டுதான்னு பாத்துச் சொல்லுங்க. களவாணி மகன்னு சொல்றாகன்னு பய பள்ளிக்கூடமே போக மாட்டேங்கிறான்.”

திரையை அவன் பக்கம் திருப்பினேன். “நீயே பாத்துக்க. அந்தக் கம்ப்யூட்டர் இதுல இல்ல.”

ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து எண்ணினான். பதினொன்று. கும்பிட்டுவிட்டுப் போனான்.

இன்றைக்கும் சொல்கிறேன், அந்தச் சாஃப்ட்வேருக்கு ஈடு கிடையாது. எட்டு மாதமாகக் கிடைக்காத திருடனை, ஒரே நாளில் என் நாற்காலியில் வைத்தே பிடித்துவிட்டது.