ஒரு வருஷ நர்ஸும் ஆடிக்கிருத்திகை வேலும்

நர்ஸாவது என்று நான் முடிவெடுத்தேன். எத்தனை வருஷத்தில் ஆவது என்பதை என் வீட்டுக்காரர் முடிவெடுத்துவிட்டார்.

எனக்கு இருபத்தெட்டு வயது. கான்வென்ட்டில் பயாலஜி, பிறகு பி.காம்., பிறகு ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸ், பிறகு ஹரி. ஹரிக்கு இரண்டு வயது. காய்ச்சல் ஏறினால் வலிப்பு வந்துவிடுகிறது. போன தடவை கிளினிக்கில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண் நரம்பு கிடைக்காமல் அவன் கையைக் குத்திக் குத்திப் பார்த்தாள். "ஒரு வருஷ கோர்ஸ்தாங்க்கா முடிச்சேன்" என்று என்னைவிட அதிகமாக அழுதாள். அன்றிலிருந்து ராத்திரியெல்லாம் ஹரியின் மூக்குக்குக் கீழே விரல் வைத்துக்கொண்டு கிடக்கிறேன். படித்தால் பயம் போய்விடாது. கையாவது நடுங்காது.

என் வீட்டுக்காரர் டில்லிபாபு விரல் விட்டு எண்ணினார்.

"பி.எஸ்ஸி.ன்னா நாலு வருஷம். டிப்ளமோன்னா மூணு. பார்டர் தாண்டி ஒரு இடம் சொல்றாங்க, ஒரே வருஷம். கிளாசுக்குக்கூடப் போவ வேணாம். எல்லாம் போன்லயே."

"ஆஸ்பத்திரி டியூட்டி?"

"அதுவும் வீடியோதான். நீதான் ஏற்கெனவே டிகிரி வெச்சிருக்கியே, பி.எஸ்ஸி.ல எதுனா குறைப்பாங்களா?"

"கேட்டேங்க. ஒரு நாள்கூடக் குறைக்க மாட்டாங்களாம்."

"அப்ப நாலு வருஷம் புள்ளைய யாரு பாக்கறது? ஊசிய எடுத்தமா, குத்தினமா. இதுக்குப் போயி நாலு வருஷமா? நான் வருஷா வருஷம் கன்னத்துல வேல் குத்திக்கினு மலை ஏர்றேன். பயந்தனா?"

ஆடிக்கிருத்திகைக்கு ஒரு நாள் ஏறுவார். மீதி நாளெல்லாம் அதைப் பற்றிப் பேசுவார்.

பொய் சொல்லக் கூடாது என்றுதான் கான்வென்ட்டில் வளர்த்தார்கள். நான் பொய் சொல்லவில்லை. வருஷா வருஷம் இவருக்கு வேல் குத்திவிடுகிற குமரவேல் அண்ணனைப் பார்த்து ஒரு உதவி மட்டும் கேட்டேன்.

கிருத்திகையன்று சரவணப்பொய்கையில் குளித்து, மஞ்சள் வேட்டியோடு வந்து நின்றார் இவர். குமரவேல் அண்ணன் ஒதுங்கிக்கொண்டார். வேலோடு வேறொருவர் முன்னால் வந்தார்.

"யாருண்ணா இவரு?"

"என் மச்சான் அருண்பாண்டியன். செல்போன் கடை வெச்சிருந்தாரு. இப்ப இந்த லைனுக்கு வந்துட்டாரு."

"எத்தன வருஷமா குத்தறாரு?"

"ஒரு வருஷ கோர்ஸுங்க" என்றார் அருண்பாண்டியன். "எல்லாம் வீடியோதான். உங்க கன்னந்தான் மொதல்."

இவர் இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

"நான் முருகனுக்கு வேண்டிக்கினேன், செல்போன் கடைக்கு இல்ல. உசுரு இருக்கற ஒடம்புண்ணா இது. நாலு வருஷமாவது உங்க கூடவே நின்னு கத்துக்கினு வரட்டும்."

பக்கத்து வீட்டுத் தாயம்மாக்கா என்னை இடித்தார். "கேட்டியா தேவயானி? நாலு வருஷமாம்."

"ஆங், கேட்டேங்க்கா."

வேல் கைமாறியது. குமரவேல் அண்ணன் ஒரே குத்து. இந்தக் கன்னத்தில் நுழைந்து அந்தக் கன்னத்தில் வந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நான் ஹரியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன்.

"ஏங்க, நாலு வருஷத்துக்கே எழுதிப் போடறேன். காலையில புள்ளைய நீங்க பாத்துக்குங்க. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அவர் கண்ணை உருட்டினார். மூக்கு என்னவோ சொன்னது.

"ஒண்ணும் சொல்லலயே" என்றார் தாயம்மாக்கா.

மலையிலிருந்து இறங்கி வீடு வந்தோம். இனி சண்டைதான் என்று தயாராக இருந்தேன். கன்னத்தில் அப்பிய திருநீறோடு அவர் தூங்குகிற ஹரியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்தார்.

"காலையில இவனுக்கு எத்தன மணிக்கு மருந்து?"