மூளை மாற்றிய மாப்பிள்ளை

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைத் திறந்து பார்க்காமல் இருப்பதற்குத் தனி மன அடக்கம் வேண்டும். அது எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அம்மாவின் இஸ்திரிப் பெட்டி, அப்பாவின் கைக்கடிகாரம், பக்கத்து வீட்டுக்காரர் நம்பிக் கொடுத்த ரேடியோ என்று என் கையால் மோட்சம் அடைந்தவை பல. (ரேடியோக்காரர் பிறகு எங்கள் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.) அவை போனால் போகட்டும். எண்பதுகளின் கடைசியில், இருபத்தேழு வயதில், நான் திறந்து பார்த்த ஒன்று என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

அப்போது நாங்கள் கோலா சிலாங்கூர் டவுனுக்குக் குடிவந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அப்பா ரப்பர் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே பழகிய தொண்டை. சாப்பாட்டுக்கு உப்பு கேட்டால்கூட மூன்றாவது வீட்டிலிருந்து யாராவது கொண்டுவந்துவிடுவார்கள். நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. கோலாலம்பூரில் யாரோ வேண்டாம் என்று தள்ளிய ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, வீட்டு ஹாலில் நிறுவியிருந்தேன். தெருவிலேயே ஒரே கம்ப்யூட்டர். ஆகவே நான்தான் தெருவிலேயே பெரிய விஞ்ஞானி.

விஞ்ஞானி அதில் செய்த ஆராய்ச்சி ஒன்றே ஒன்றுதான். விமானம் ஓட்டும் விளையாட்டு. திரையில் மொத்தம் நான்கு நிறம். ஓர் ஆறு, இரண்டு கரை, நடுவில் கரப்பான் பூச்சி அளவுக்கு ஒரு விமானம். ஆபீஸ் விட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தால், அம்மா மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டு, நான்காம் முறை அப்பாவைக் கூப்பிடச் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்த என் நண்பன் குணா, ஒரு நாள் புது பிராசஸர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பழையதைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் இதைச் சொருகினால் மெஷின் பறக்கும் என்றான். புதன்கிழமை அலுவலகத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

"என்னாப்பா அது?" என்று அம்மா எட்டிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டரோட மூளைம்மா. பழச எடுத்துட்டுப் புதுசு வைக்கிறேன்."

"இத்துனூண்டா இருக்கு?"

"அளவுல என்னா இருக்கு? உன் மவனுக்குப் பெரிய தலதான்" என்றார் அப்பா. அதன் பிறகு எங்கள் வீட்டில் பிராசஸர் என்ற சொல்லே கிடையாது. மூளைதான்.

புதுச் சாமான் எது வந்தாலும் அம்மா பூசை போடாமல் விட மாட்டார். மூளை வைத்து மூடியதும் விபூதித் தட்டோடு வந்துவிட்டார். பெட்டியின் மேல் மூன்று பட்டை. பொட்டுக்கு மட்டும் இடம் தேடினார். முன்பக்கத்தில் நெற்றிக்கென்றே செய்ததுபோல ஒரு சின்னச் சதுரப் பொத்தான் இருந்தது. அதுதான் டர்போ பொத்தான். உள்ளே அழுத்தினால் மெஷின் வேகமாக ஓடும், இன்னொரு தடவை அழுத்தினால் வெளியே வந்து மெதுவாகும். அம்மா அதில் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். நானும் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு விளையாட உட்கார்ந்தேன்.

அன்று மாலை விமானம் உண்மையிலேயே பறந்தது. மறுநாள் வந்தது சனியன். ஐந்து விநாடி சீறிப் பாயும், பிறகு மாட்டு வண்டிபோல நகரும், ஒரு துள்ளல், மறுபடி நகர்வு. விமானம் திக்கித் திக்கிப் போய்ப் பாலத்தில் முட்டி வெடித்தது. வெடிப்பும் திக்கித் திக்கித்தான் வெடித்தது.

என் ஆராய்ச்சி தொடங்கியது. டிஸ்கெட்டைத் துடைத்தேன். அப்பாவின் வேட்டியால் துடைத்ததால் திட்டு வாங்கினேன். மூளையைப் பிடுங்கி, நாற்பது கால்களையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, மறுபடி சொருகினேன். சூடாக இருக்கலாம் என்று மூடியைக் கழற்றி விசிறிக் காற்றில் காட்டினேன். மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன், பிறகு அடுப்படிப் பக்கம் நகர்த்தினேன். டர்போ பொத்தானை மட்டும் நூறு தடவை அழுத்தியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் விரலில் சந்தனம் ஒட்டியது. அதை வீணாக்காமல் நெற்றியில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்தேன். (படித்தவன் என்று வேறு பெயர்.)

இதற்கு நடுவில் என் கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. ராசா என்ற ஊரில், தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணியின் மகள். பெயர் விமலா. ரவாங்கில் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை. போட்டோ உறையிலிருந்து பாதி வெளியே வரும்போதே நான் சரி என்று சொல்லிவிட்டேன். அந்தப் போட்டோவை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஆபீசுக்கே போனேன். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லும் அளவுக்கு முற்றிவிட்டது. அப்பாவுக்கும் அதே தவிப்புதான், காரணம் வேறு. ஆயுசெல்லாம் கிராணிமார் முன்னால் எழுந்து நின்றவருக்கு ஒரு கிராணியே சம்பந்தியாக வரப்போகிறார்!

மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் சத்தமில்லாமல் விசாரித்துவிட்டுத்தான் பெண் வீட்டார் மேலே பேசுவார்கள். அப்படி விசாரிக்க விமலாவின் தாய்மாமன் வெள்ளிக்கிழமை கோலா சிலாங்கூர் வந்திறங்கினார். பஸ் ஸ்டேஷன் கோப்பிக் கடையில் விசாரித்தபோது, "மண்டோர் மவனா? அந்தா, போன் பேசிக்கிட்டு நிக்கிறாரே, அவருதான்" என்று கையைக் காட்டியிருக்கிறார்கள். பொது போன் என்பதால் பேசுபவர்களுக்குப் பின்னால் வரிசை. மாமா பேசாமல் வரிசையில் வந்து நின்றுகொண்டார்.

நான் குணாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிள்ளான் பஸ் உறுமிக்கொண்டிருந்ததால் கத்தினேன். தொண்டை அப்பாவுடையது.

"குணா! திக்குதுடா! புது மூளை வச்சதுலேருந்து ஒரே திக்கு!"

எப்போதுமா என்று குணா கேட்டான்.

"வெளையாடுறப்பதான்! மத்த நேரம் வெளிய தெரியல!"

சூடாகிறதா?

"லேசா சூடாவுது! மூடியக் கழட்டி விசிறியில காட்டுறேன், அப்பயும் திக்குது!"

பழையதையே திரும்பப் போட்டுப் பாரேன் என்றான். எனக்கு மானம் போய்விட்டது.

"பழைய மூளையா? ஐயோ வேணாம்லா! இத்தன வருசம் அத வச்சிக்கிட்டு நான் பட்ட பாடு போதும்!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். பின்னால் நின்ற பெரியவர் என் தலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வழியை மறித்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து, "சோரி அங்கிள்" என்றேன். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

ராசாவில் அன்று என்ன நடந்தது என்பதை விமலா பின்னால் சொன்னாள். மாமா வீட்டுக்குள் நுழையும்போதே, "பையனுக்கு மூளைய மாத்தியிருக்காங்க. அதுவும் சரியா ஒட்டல" என்றாராம். கிராணி என் போட்டோவைத் திருப்பி அனுப்பச் சொன்னாராம். விமலாதான், "மூளைய மாத்துன ஆள நான் பாத்ததே இல்ல. ஒரு தடவ பாத்துட்டு வேணாம்னு சொல்லுவோம்பா" என்று பிடிவாதம் பிடித்தாளாம்.

அடுத்த ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கிராணி, மாமா, விமலா மூன்று பேரும் வந்தார்கள். கிராணி உள்ளே வந்ததும் அப்பா எழுந்தார். கிராணி உட்கார்ந்த பிறகும் அப்பா உட்காரவில்லை. அம்மா கோப்பியும் கொறிக்கக் கச்சாங் பூத்தே கடலையும் கொண்டுவந்து வைத்தார். பெண்ணே நேரில் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

"வா... வா... வாங்க" என்றேன்.

மாமா கிராணியின் தொடையைத் தட்டினார். பிறகு தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து, என் பின்பக்கம் வந்து, பின்னந்தலையில் தையல் இருக்கிறதா என்று பார்த்தார். பஸ் ஸ்டேஷனில் பார்த்த பெரியவர் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் என் பின்னந்தலையில் அவருக்கு என்ன வேலை என்று புரியவில்லை.

கிராணி பக்குவமாக ஆரம்பித்தார். "தம்பி, மூளை மாத்துன விசயம் கேள்விப்பட்டோம்."

என் புகழ் ராசாவரை போய்விட்டது! நெஞ்சு விம்ம, "ஆமாங்க அங்கிள். போன வாரந்தான்" என்றேன்.

"எந்த ஆஸ்பத்திரியில?"

நகைச்சுவையாகப் பேசுகிறார் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். "ஆஸ்பத்திரியெல்லாம் எதுக்கு அங்கிள்? இங்கயேதான், இந்த மேசையில. நானே பண்ணிட்டேன்."

"நீங்களேவா?"

"ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். அர மணி நேர வேல."

அப்பா பெருமை தாங்காமல் சொன்னார்: "எல்லாத்தையும் அவனேதான் தொறப்பான், அவனேதான் மூடுவான். நாங்க கிட்டயே போவ மாட்டோம்."

"அப்ப... அந்தப் பழசு?" என்றார் மாமா.

"பிஸ்கட் டின்னுல பத்திரமா இருக்கு. காட்டட்டுமா?"

கிராணி கோப்பியைக் கீழே வைத்தார். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு எங்கே என்று மாமாவின் கண் தேடியது. அந்த நேரத்தில்தான் விமலா முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"அதுக்கு எத்தன காலு?"

"நாப்பது" என்றேன்.

"மூளைக்கு நாப்பது காலா!" என்று மாமா அலறினார்.

விமலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "மாமா, கம்ப்யூட்டருக்கு மாமா! எங்க ஃபேக்டரியில நாங்க தெனமும் பூதக்கண்ணாடி வச்சிப் பாக்குறோமே, அந்தச் சிப்பு!"

விஷயம் ஒவ்வொருவருக்காக இறங்கியது. கிராணிக்கு முதலில், அப்பாவுக்கு அடுத்து, மாமாவுக்குக் கடைசியில். எனக்கு மாமாவுக்கும் பிறகு. பஸ் ஸ்டேஷனில் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் நினைவுக்கு வர, என் காது இரண்டும் பழுத்துவிட்டன. பூமி பிளந்தால் நல்லது என்று இருந்தது.

மாமா இன்னும் விடவில்லை. "அப்ப திக்குதுன்னது?"

போட்டுக் காட்டினேன். விமானம் மானத்தை வாங்காமல் ஒழுங்காகத் திக்கியது. விமலா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். திரையைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தாள். குனிந்து பொத்தானை முகர்ந்தும் பார்த்தாள்.

"இதுக்குப் பூச போட்டீங்களா?"

"புதுச் சாமான்லா, போடாம இருப்பமா?" என்றார் அம்மா.

"எங்க ஃபேக்டரியில முகத்துல பவுடர் பூசிட்டுப் போனாலே உள்ள விடமாட்டாங்க ஆன்ட்டி. பொத்தான் சந்துல சந்தனம் காஞ்சி கெட்டியாயிருச்சி. உள்ளயும் போவாம வெளியயும் வராம நடுவுல நிக்கிது. அதான் ஒரு நிமிசம் வேகம், ஒரு நிமிசம் மெதுவு." கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள்.

அம்மாவின் முகம் மாறியது. பெண் பார்க்கும் நேரத்தில், வீட்டுக்கு வரப்போகிறவளே பொட்டை அழிப்பதா? மூளை விஷயத்தில் தப்பித்த கல்யாணம் பொட்டில் போய்விடும் என்று பயந்தேன். விமலா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"குங்குமத்த எடுத்தாங்க அத்த. மொதல்ல வேற எடத்துல பெருசா வச்சிட்டு, அப்பறமா இதத் தொடைக்கிறேன்."

அம்மா போன வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விமலா திரையின் உச்சியில் காசளவுக்குப் பொட்டு வைத்தாள். பிறகு ஹேர்பின்னால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தாள். பொத்தான் 'டக்' என்று உள்ளே போய் உட்கார்ந்தது. அந்த 'அத்தை' வாய் தவறி வந்ததா, தெரிந்தே சொன்னதா என்று முப்பது வருடத்துக்கு மேலாகக் கேட்கிறேன், பதில் இல்லை. அம்மா காதில் அது விழுந்த கணமே தேதி குறித்தாகிவிட்டது.

திக்கு நின்ற விமானம் வந்த வேகத்தில் நான் மூன்றே விநாடியில் பாலத்தில் முட்டினேன். விமலா வாங்கி விளையாடினாள். பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். அப்பா அதற்குள் தைரியம் வந்து கிராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் மாமா முதலில் கொண்டுபோன செய்தி ஒரே நாளில் ராசா முழுக்கப் பரவியிருந்தது. பின்னால் வந்த திருத்தம் பாதி வீடுகளுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஆகவே ராசாவில் எனக்குப் பெயர் இல்லை, 'மூளை மாத்துன மாப்ள' என்றால்தான் தெரியும். போன மாதம் அங்கே ஒரு கல்யாண வீட்டில், நான் அறியாத ஒரு பெரியவர் தேடி வந்து என் தலையைத் தடவி, இப்ப எப்படி இருக்கு தம்பி என்று உண்மையான கவலையோடு விசாரித்தார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள், வெற்றிலைத் தட்டோடு நின்ற என் மனைவி முந்திக்கொண்டாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நாந்தான் சரி பண்ணிவிட்டேன் தாத்தா. அதுலேருந்து வாயத் தொறக்காம நல்லா ஓடுது."