பேராசிரியர் பேசினார், நான் மொழிபெயர்த்தேன்

கல்மண்டபம், ராயபுரம்
மதராஸ், ஆகஸ்டு 1951

பிரியமுள்ள மைத்துனர் சௌக்கத் அலிக்கு, உன் அக்காள் புருஷன் அப்துல் வஹாப் ஸலாம் சொல்லி எழுதுவது. பினாங்கில் நீயும் உன் பெண்டு பிள்ளைகளும் உன் துணிக்கடையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் வாசலில் ஒரு கூட்டம் உட்கார்ந்துகொண்டு என்னையே முறைத்துப் பார்க்கும்போது அப்படி எழுதக் கை வரவில்லை.

தம்பி, துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா கிடந்திருக்கலாம். என் பொல்லாத நேரம், எங்கள் தெரு வாசகசாலைக்குக் காரியதரிசி ஆனேன். காரியதரிசி என்றால் ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா? லண்டனில் பொருளாதாரம் படித்து வந்த பேராசிரியர் தாமோதரன் என்பவரைப் பேச அழைத்தோம். தலைப்பு, ‘சிக்கனமும் சுதந்திரமும்’. மனிதர் தங்கமானவர். மாலை போட விடவில்லை, சோடா குடிக்கவில்லை, ஒரு வாழைப்பழம் மட்டும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒரே ஒரு குறை, பொருளாதாரம் தமிழில் தனக்கு வராது என்றுவிட்டார். ஆகையால் அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்வதென்று ஏற்பாடாயிற்று.

நான் சொன்னேன் தம்பி. இப்படி ஒரு தமிழ் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. “இன்று உன் அரிசிப் பானைக்குள் கை விடும் சர்க்கார், நாளை உன் வாய்க்குள் கை விடும்!” என்றேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக் கண் பூத்துப்போன ஜனம் கைதட்டித் தீர்த்துவிட்டது. “சர்க்காரும் வரவுக்குள் வாழட்டும், ஜனங்களும் வயிற்றை இறுக்கட்டும்” என்றேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இரும்புக் கிடங்கு முதலாளி பொன்னுரங்க முதலியார் மட்டும் எழுந்து நின்று தட்டினார். அவர் வயிறு இறுக்க முடியாத வயிறு. உனக்குத்தான் தெரியுமே, என் மகன் ரஷீது அவரிடம் சுமை ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தான்.

அப்போது மீன் விற்கும் பூவம்மா கூடையோடு எழுந்தாள். “ரேஷனை எடுத்துட்டா அரிசி கெடைக்குமா சாமி?”

முதலில் விலை ஏறும், அதைப் பார்த்து அரிசி வரும், பிறகு விலை தானாக இறங்கும் என்றார் பேராசிரியர். நான் அப்படியே சொன்னேன்.

“எப்ப எறங்கும்?”

அவர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். “காலப்போக்கில்” என்றேன்.

“அதுவரிக்கும் புள்ளைங்கள இன்னா பண்றது? மடிச்சு பொட்டில வெக்கிறதா?” என்று கேட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “அம்மணி நன்றி சொல்கிறார்” என்றேன்.

அடுத்தபடி பின்னாலிருந்து ஒருவன், “மாமு, நீ சொல்ற சொதந்தரம் சாராயத்துக்கும் உண்டா?” என்றான். மதுவிலக்கு அமலில் இருக்கிற ஊரில் கேட்கிற கேள்வியா இது? பேராசிரியர் பொய் சொல்லத் தெரியாதவர். கொள்கைப்படி பார்த்தால் உண்டு என்றார். அன்றைக்கு விழுந்த கைதட்டலிலேயே பெரிய கைதட்டல் அதுதான். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர் எழுந்து பெல்ட்டைச் சரிசெய்தார். கூட்டத்தை அவசரமாக முடித்தோம்.

முடிப்பதற்கு முன் கடைசியாகப் பேராசிரியர் சொன்னதுதான் என் தலையில் விழுந்தது. வியாபாரம் நொடித்தால் ஆளைக் குறைக்க முதலாளிக்கும், பிடிக்காவிட்டால் வேலையை உதற ஆளுக்கும் உரிமை உண்டு, அதுவே சுதந்திரம் என்றார். ‘ஆள் குறைப்பு’ என்று அடக்கமாகச் சொன்னால் போதாதா? “பாரம் தாங்காத படகு சில மூட்டைகளைக் கடலில் தள்ளித்தான் கரை சேரும்” என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் காலை பொன்னுரங்கம் ரஷீதையும் அவனுடைய சுமை ஆட்கள் அத்தனை பேரையும் சீட்டுக் கிழித்து அனுப்பிவிட்டார். மாதச் சம்பள ஆட்களை விட்டுவிட்டு, கப்பல் வரும் நாளில் மட்டும் கூலிக்கு ஆள் பிடித்துக்கொள்வாராம். நான் கிடங்குக்கு ஓடிப்போய், இது நியாயமா என்று அவரிடம் கேட்டேன்.

“இன்னா பாய் இப்படிக் கேக்கறீங்க? படகு கத நீங்க சொன்னதுதான? இங்கிலீஷ்ல அவரு பேசும்போது எனக்கு ஒண்ணும் புரியல. உங்க தமிழ்லதான் அப்படியே மனசுல எறங்கிச்சு.”

“என் பையனாச்சே, முதலியார்!”

“நான் எடுத்த முடிவா இது? சந்த எடுத்த முடிவு.”

“அந்தச் சந்தை எங்கே இருக்கிறது சொல்லுங்கள், நான் போய்க் காலில் விழுகிறேன்” என்றேன். அவர் சிரித்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன், தம்பி. அந்த வெட்கத்தையும் உன்னிடம்தான் சொல்ல முடியும்.

வீட்டுக்கு வந்தால் ஆட்கள் எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘கிடங்கு வாசலுக்குப் போங்களப்பா’ என்றேன். “அங்க குந்துனா போலீசு அடிக்கும் பாய். அதுவுமில்லாம, சொன்னது நீங்கதான, உங்க வூட்டாண்டதான் குந்துவோம்” என்றான் அவர்களில் ஒருவனான ஜெயவேல். ரஷீதும் அவர்களோடு உட்கார்ந்துகொண்டான். தன் வீட்டு வாசலிலேயே தகப்பனுக்கு எதிராக உட்கார்ந்த பிள்ளையை நீ கண்டதுண்டா? உன் அக்காள் காத்தூன் பீவி என் பக்கம் நின்றிருக்க வேண்டியவள். ரேஷன் அரிசியை மொத்தமாகக் கஞ்சி வைத்து அவர்களுக்கு ஊற்றினாள். ‘நமக்கு?’ என்றேன். “நீங்கதானே வயித்தை இறுக்கச் சொன்னீங்க” என்றாள்.

டிராம் ஏறி மயிலாப்பூருக்குப் பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. உண்மையாகவே வருந்தினார். வருத்தம் தரும் காரியமும் சரியான காரியமாக இருக்கலாம் என்றார். வேறு உதவி செய்யத் தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தார், ஒரு வாழைப்பழம் கொடுத்தார். திரும்பும் வழியில் டிராமில் அதைத் தின்றேன். அன்றைக்கு என் வயிற்றுக்குள் போனது அவ்வளவுதான்.

இவ்வளவும் தாங்கிக்கொண்டேன். நேற்று ரஷீது கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“அத்தா, மூட்டையைக் கடல்ல தள்ளணும்னு சொன்னீங்களே, அப்ப உங்க மனசுல எந்த மூட்டை இருந்துச்சு?”

எந்த மூட்டையும் இல்லை, தம்பி. அந்த வாக்கியம் எவ்வளவு அழகாக வந்து விழுந்தது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. அதை எப்படிப் பிள்ளையிடம் சொல்வேன்? எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. ஜெயவேலின் மனைவி நிறைமாசம். அவளைப் பார்த்தால் நான் பின்வாசல் வழியாகப் போகிறேன். பள்ளிவாசலில் ஸலாம் சொன்னால் ‘மொழிபெயர்ப்பு பாய்’ என்கிறார்கள். நான் எதற்கும் உதவாதவன் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

ஆகவே, தம்பி, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். உன் கடையில் ரஷீதுக்கு ஏதாவது ஒரு வேலை பார். கப்பலேறினால் என் முகத்தைப் பார்க்கும் கஷ்டமாவது அவனுக்குத் தீரும். நான் இனி எந்த மேடையிலும் வாய் திறப்பதில்லை, யாருக்காகவும் ஒரு வரி இங்கிலீஷ் எழுதுவதில்லை என்று உறுதி செய்துவிட்டேன். பிள்ளைகளின் தலையில் கை வைத்து என் துஆவைச் சொல். உன் வீட்டில் எல்லோருக்கும் ஸலாம். இறைவன் உங்களைப் பேச்சாளர்களிடமிருந்து காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அப்துல் வஹாப்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. இரும்புக் கப்பல் ஒன்று வந்தது. மற்ற கிடங்குக்காரர்கள் கூலிக்கு ஆள் தேடி அலைந்து, பழகின ஆட்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைக் கேள்விப்பட்டு என் வாசலுக்கே வந்துவிட்டார்கள். ரஷீது எழுந்து, “கூலி நாங்க சொல்றதுதான். இஷ்டமிருந்தா எடுத்துக்கோ, இல்லாட்டி வேற ஆளைப் பாரு” என்றான். எடுத்துக்கொண்டார்கள். இப்போது எல்லோருக்கும் கைநிறைய வேலை. ரஷீது என்னிடம் பேசவும் ஆரம்பித்துவிட்டான். பொன்னுரங்கத்தின் இரும்பு மட்டும் துறைமுகத்தில் மழையில் கிடக்கிறது. சற்றுமுன் வந்து தலையில் அடித்துக்கொண்டார். “அநியாயம் பாய்! அவனவன் இஷ்டத்துக்குக் கூலி கேட்டா நாடு இன்னாத்துக்கு ஆவும்? சர்க்கார் எதுக்குக் கீது? கூலிக்கு ஒரு கட்டுப்பாடு வேணும்னு கலெக்டருக்கு இங்கிலீஷ்ல மனு எழுதிக் குடுங்க. உங்களப் போல யாருக்கு எழுத வரும்?” முடியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். முதல் பாராவை எழுதி முடித்துவிட்டேன், மிக அருமையாக வந்திருக்கிறது. ரஷீது வேலையிலிருந்து திரும்புகிற நேரம். அவனுக்குப் பினாங்கில் இடம் பார்க்க வேண்டாம், எனக்கு ஒன்று பார்.