என் அமைதியின் அளவு: நூற்று நாற்பத்தெட்டு

மேடையேறுவோரில் இரு வகையினர் உண்டு. தமக்கு நடுக்கம் உண்டென்று ஒப்புக்கொள்பவர்கள் ஒரு வகை. மற்றவர்கள் பேச்சாளர்கள். நான் இரண்டாம் வகையில், அதுவும் முன்வரிசையில், நெடுங்காலம் வீற்றிருந்தேன். அங்கிருந்து என்னை எழுப்பி அனுப்பியது எந்த எதிர்வாதியும் அல்ல. என் சொந்த இதயம். அந்த வழக்கின் விவரங்களை உணர்ச்சிவசப்படாமல் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்போது எனக்கு வயது இருபது. செகந்திராபாத்தின் லோத்குண்டாவில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ரயில்வே அலுவலகத்தில் வேலை, அம்மா ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அக்கா ஷீலா ஒரு மருத்துவமனையில் ஈசிஜி எடுப்பவள். நாள் முழுதும் பிறர் மார்பில் ஒயர்களை ஒட்டி, இதயம் வரையும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் மூவரும், ஊரைவிட்டு வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், திருநெல்வேலித் தமிழ்தான் பேசுவார்கள். நான் மட்டும் அச்சிட்ட தமிழ் பேசுவேன். ("அம்மா, சற்றே சட்னி வழங்குக" என்று ஒருமுறை கேட்டதாக அக்கா சொல்வாள். அவதூறு. "சட்னி தருக" என்றுதான் கேட்டேன்.)

எங்கள் பகுதியின் மூன்று தமிழ்க் கிறிஸ்தவச் சபைகளும் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு சொற்போர் நடத்தும். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் எங்கள் தலைமுறையைத் திருத்துவதற்காக ஏற்பட்ட போட்டி அது. பரிசு ஒரு சுழற்கேடயம். ஓராண்டு வெற்றியாளர் வீட்டில் இருந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஆனால் ஒருவரே தொடர்ந்து மூன்று முறை வென்றால் அது நிரந்தரமாக அவருக்கே சொந்தம் என்பது விதி. இரண்டு முறை நான் வென்றிருந்தேன். மூன்றாம் முறைக்காக அம்மா ஷோகேஸில் இடம் ஒதுக்கியிருந்தாள். தன் கல்யாணத்துக்கு வந்த டீ செட்டையே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டாள் என்றால், அந்த வெற்றி எவ்வளவு உறுதியாக எதிர்பார்க்கப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

அந்த ஆண்டு சபைகள் அனுசரிக்கும் உடல்நல ஞாயிறோடு சேர்த்துப் போட்டி வைத்தார்கள். தலைப்பு: 'இதயத்தை ஆள்வது மனமா, உடலா?' எனக்கு விழுந்தது மனம். நான் மகிழ்ந்தேன். பயிற்சி பெற்ற மனத்தின் முன் இதயம் கைகட்டி நிற்கும் என்பதற்கு என்னைவிடச் சிறந்த சான்று செகந்திராபாத்தில் இல்லை என்பது என் தாழ்மையான கருத்து. சான்றைச் சொல்லாமல் காட்டிவிட்டால் என்ன?

அக்காவிடம் விரலில் கவ்வும் சிறு கருவி ஒன்று இருந்தது. அது நாடித்துடிப்பை எண்ணிக் கைபேசிக்கு அனுப்பும். கைபேசியைச் சபைத் திரையோடு இணைத்தால், பாட்டு வரிகள் வரும் இடத்தில் என் துடிப்பு வரும். நான் ஐந்து நிமிடம் முழங்குவேன், எண் எழுபத்திரண்டிலேயே நிற்கும், அவை வாயடைக்கும். பத்து நாள் ஷோகேஸ் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். எழுபத்திரண்டு. ஒருநாள் குக்கர் விசிலடித்தபோது மட்டும் எழுபத்தைந்து.

"ஏட்டி, சொன்னாக் கேளு. அதை மேடைக்குக் கொண்டு போவாத," என்றாள் அக்கா.

"ஏன்? பத்து நாளாக ஓர் எண்கூடப் பிறழவில்லையே."

"இங்க யாரு முன்னால பேசுத? கப்பு சாசர் முன்னால. கப்பு சாசர் மார்க் போடாதுல்லா. அங்க மூணு பேரு பேனாவைத் தொறந்து வச்சிட்டு இருப்பாங்க. அதைப் பாத்ததும் அட்ரினலின் எறங்கும். நீ வேணாம்னு சொன்னாலும் எறங்கும்."

"பேச்சாளரின் மனம்..."

"மனசு கெடக்கட்டும். இங்க பாரு." தன் மார்பின் வலப்பக்கம் தொட்டுக்காட்டினாள். "மேல வலது அறையில ஒரு கணு இருக்கு. அதுதான் பேஸ்மேக்கர். தாளம் போடுத ஆளு. அவன சும்மா விட்டா நிமிஷத்துக்கு நூறு போடுவான். ஒரு நரம்பு வந்து அவன் தோள அமுக்கிப் பிடிச்சிருக்கதுனாலதான் எழுபது. பயம் வந்தா அந்த நரம்பு கைய எடுத்துரும். பின்னாலேயே அட்ரினலின் வந்து, ஓடுலே ஓடுலேன்னு வெரட்டும். உன்கிட்ட யாரும் கேக்க மாட்டாங்க."

மிக நல்ல விளக்கம். நான் நன்றி கூறி, அனைத்தையும் குறித்துக்கொண்டேன். தலைப்பு: 'எதிர்த்தரப்பின் மயக்கங்கள்'. முதல் மூன்று நிமிடம் அதை எடுத்துவைத்து, கடைசி இரண்டு நிமிடத்தில் தூள்தூளாக்குவது என் திட்டம்.

போட்டியன்று மாலை சபை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் நடுவர்கள் மூவர், திறந்த பேனாக்களுடன். இரண்டாம் வரிசையில் என் குடும்பமும் குளோரி பெரியம்மாவும். பெரியம்மா உறவல்ல, எங்கள் தெருவில் அனைவருக்கும் பெரியம்மா. எனக்கு எதிராகப் பேச வந்தவன் அனில். சைனிக்புரிச் சபைக்காரன், முன்னாள் ராணுவக்காரரின் மகன், பதினேழு வயது. அவன் தமிழில் பாதி தெலுங்கு, மீதியில் பாதி இந்தி. அவனை நான் எதிரியாகவே எண்ணவில்லை. எண்ணியிருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

கருவியை இடது சுட்டுவிரலில் மாட்டி, அந்தக் கையை மேசைமேல் அசையாமல் வைத்தேன். திரையில் பச்சை எழுத்தில் எண்பத்தெட்டு தோன்றியது. "படியேறி வந்ததன் விளைவு" என்று அவைக்கு விளக்கினேன். (மூன்று படி.) பிறகு அவையை நோக்கித் திரும்பினேன். இங்கேதான் என் மேடைப் பயிற்சி எனக்குப் பகையானது. தேர்ந்த பேச்சாளர் அவையின் கண்களை விட்டுத் தம் கண்களை எடுப்பதில்லை. திரை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"அவையோரே! இதயத்தின் வலது மேலறையில், அரிசிமணி அளவில் அமர்ந்திருக்கிறான் ஒரு தாளக்காரன். அவனை அடக்கிப் பிடித்திருக்கிறது ஒரு நரம்பு. அச்சம் வந்தால் அந்தப் பிடி தளரும் என்பார் எதிர்த்தரப்பினர். சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல் அமர்ந்த சுரப்பிகள் அட்ரினலினைப் பொழியும் என்பார். அது குருதியில் விரைந்து, கணுவின் கதவுகளைத் தட்டி, ஒவ்வொரு துடிப்பையும் அதன் நேரத்துக்கு முன்பே இழுத்து வரும் என்பார்!"

மண்டபத்தின் பின்பகுதியில் பலத்த கைதட்டல், கூச்சல். சிறுவர் கூட்டம் பெஞ்சுமேல் ஏறி நின்று தட்டியது. தமிழில் சொன்னால் புரிந்துகொள்ள மறுக்கும் அதே சிறுவர்கள்! என் சொல்லாட்சி மொழித்தடையையும் தகர்த்துவிட்டதென்று நெகிழ்ந்து, தலை தாழ்த்தி வணக்கம் சொன்னேன்.

(அவர்கள் கத்தியது 'செஞ்சுரி' என்று பிற்பாடுதான் தெரிந்தது. எண் நூறைத் தொட்டிருந்தது.)

நான் மேலும் ஊக்கம் கொண்டேன். கேட்போரின் கண்கள் என் தலைக்கு மேலே எங்கோ நிலைத்திருந்தன. அது என் கருத்தின் உயரம் என்று கொண்டேன். இரண்டாம் வரிசையில் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா முகத்தைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள், தோள்கள் குலுங்கின. உணர்ச்சிவயப்பட்டிருக்கிறாள் என்றே நம்பினேன்.

"ஆனால், அவையோரே! பண்பட்ட மனம் ஆணையிட்டால் அந்தத் தாளக்காரன் அடிபிறழ்வானா? பிறழமாட்டான்! இதோ, என் பின்னே பாருங்கள், சான்று!"

வலக்கையை வீசித் திரையைச் சுட்டினேன். அதே கணம் கைபேசியின் எச்சரிக்கை மணி சபையின் ஒலிபெருக்கிகளில் அலறத் தொடங்கியது. நானும் திரும்பிப் பார்த்தேன்.

நூற்று இருபத்தொன்று. சிவப்பு எழுத்தில்.

இங்கே அறிவியல் ஆர்வலர்களுக்கு ஒரு செய்தி. தன் துடிப்பு நூற்று இருபத்தொன்று என்று ஒருவர் எண்ணூறு கண்களுக்கு முன்னால் அறியும்போது, அது நூற்று இருபத்தொன்றாகவே நிற்பதில்லை. பார்த்தேன், நூற்று முப்பது. அதைப் பார்த்ததால் நூற்று முப்பத்தாறு. அடக்க வேண்டும் என்று ஆணையிட்டேன், நூற்று நாற்பத்திரண்டு. "அமைதி" என்று மனத்துக்குள் மும்முறை சொன்னேன், நூற்று நாற்பத்தெட்டு. குரல் மட்டும் கடைசிவரை நடுங்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். "நான் முற்றிலும் அமைதியாக இருக்கிறேன்" என்று மிகத் தெளிவான உச்சரிப்பில் சொன்னேன். மண்டபம் வெடித்துச் சிரித்தது.

செய்திருக்கக் கூடாத ஒன்றை அப்போது செய்தேன். கருவியைப் பிடுங்கி எறிந்தேன். விரலை இழந்த கருவி எண்ணை அழித்தது. திரையில் இரண்டு கோடுகள் மட்டும் நின்றன, மணியும் ஓய்ந்தது.

"ஐயோ, நின்னு போச்சே!" என்று எழுந்தாள் குளோரி பெரியம்மா. "பிள்ளைக்கு நின்னு போச்சு! தண்ணி கொண்டாங்க!"

"பெரியம்மா, நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்," என்றேன் ஒலிபெருக்கியில்.

"பேசாதம்மா, பேசாத! மூச்ச வீணாக்காத!"

போதகர் ஜெபிக்க எழுந்துவிட்டார். பாதிச் சபை கண்களை மூடியது. அந்த அமைதியில் நேரம் முடிந்ததற்கான மணி இருமுறை அடித்தது. தூள்தூளாக்க வேண்டிய இரண்டு நிமிடங்களும் எனக்காக நடந்த ஜெபத்தில் கழிந்தன.

பிறகு அனில் வந்தான். கையில் ஒரு துண்டுச்சீட்டு. அதை ஒருமுறை பார்த்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"அக்கா சால பாகா பேசினாங்க. நா சொல்ல வேண்டிய பாயிண்ட் எல்லாம் அக்காவே சொல்லிட்டாங்க. மனசு ஆர்டர் போட்டுச்சு. ஹார்ட்டு நக்கோ சொல்லிடுச்சு. இன்னும் நா கைக்கு பேசணும்? தேங்க்ஸ்."

('சால பாகா' என்றால் மிக நன்றாக, 'நக்கோ' என்றால் முடியாது, 'கைக்கு' என்றால் எதற்கு.) அரை நிமிடம்கூட ஆகவில்லை. நடுவர்கள் தீர்ப்பை வாசித்தார்கள்: சொல்வளத்தில் எனக்கே முதலிடம், ஆயினும் தம் கட்சிக்கு எதிராக இத்தனை வலுவான சான்றைத் தாமே சுமந்துவந்த பேச்சாளரை அவர்கள் இதுவரை கண்டதில்லை. கேடயம் சைனிக்புரிக்குப் போயிற்று. போகும்போது அனில் என்னிடம், "அக்கா, இப்ப ஓக்கேவா? ஹார்ட்டு?" என்று கேட்டான். உண்மையான அக்கறையோடு கேட்டான். அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வீடு திரும்ப ஆட்டோ ஏறினோம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்.

"எழுபத்தாறு. ஒனக்கு ஒண்ணும் இல்லட்டி. அந்தக் கணு அதோட வேலைய ஒழுங்காத்தான் பாத்துது. ஒன் பேச்சை மட்டும் அது கேக்கல."

"ஹவ்," என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டார் அப்பா முன்னிருக்கையிலிருந்து. "வீட்ல யாரு கேக்கா?"

அன்று முதல் நான் நடுங்குபவர்களின் வகையில் சேர்ந்துவிட்டேன். மேடையேறுமுன் "எனக்குச் சற்று நடுக்கம்" என்று சொல்லிவிடுவேன். ஆச்சரியம் என்னவென்றால், சொன்ன பிறகு கொஞ்சம் குறைகிறது. குளோரி பெரியம்மா என்னைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, "அன்னைக்கு நின்னு போயி, ஜெபத்துல திரும்ப வந்துச்சுல்லா, அந்தப் பிள்ளை" என்கிறாள். நான் மறுப்பதில்லை. ஷோகேஸில் கேடயத்துக்காக ஒதுக்கிய இடத்தில் அம்மா அந்தக் கருவியை வைத்திருக்கிறாள். டீ செட் இன்னும் கீழ்த்தட்டில்தான். வீட்டில் நான் எப்போதாவது "எனக்கு ஒன்றும் கவலையில்லை" என்று ஆரம்பித்தால், அப்பா எழுந்து போய் ஷோகேஸ் கதவைத் திறப்பார்.

இக்கட்டுரையை முடித்ததும், நேற்று வீட்டில் வாசித்துக் காட்டினேன். ஆண்டுகள் சில கடந்துவிட்டன, இப்போது இதை வேறு யாருக்கோ நடந்ததுபோலப் பார்க்கிறேன் என்று ஒரு முன்னுரையும் சொன்னேன். அக்கா கருவியை எடுத்துவந்து என் விரலில் மாட்டினாள். நான் வாசித்தேன். 'சுழற்கேடயம்' என்ற சொல்லுக்கு வந்தபோது அவள் கைபேசியைப் பார்த்துச் சிரித்தாள்.

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "என்னட்டி ஷீலா, செஞ்சுரி அடிச்சிட்டாளா?"

"அப்பவே," என்றாள் அக்கா.