ஈத்தூண்டில் கழகத் தலைவர்

"தலைவர் இதுவரை எத்தனை மீன் பிடித்திருக்கிறார்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்."

திங்கட்கிழமை சாயங்காலம், ஐயப்பன்தாங்கல் டிப்போ வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சிவராமனின் போனில் இந்தச் செய்தி வந்து விழுந்தது. அனுப்பியவர் ஜானகிராமன். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா தெரிந்துகொள்வதற்காக அவர் எதையும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

கேள்வி எளிது. பதில் அதைவிட எளிது. பூஜ்யம்.

இது வெளியே தெரிந்தால் சிவராமனின் மானம் கப்பலேறிவிடும். 'மேற்குச் சென்னை ஈத்தூண்டில் கழகம்' என்ற வாட்ஸாப் குழுவை ஆரம்பித்ததே அவர்தான். தலைவரும் அவர்தான். அடுத்த மாதம் குழுவில் இருக்கும் ஐந்து பேருமாக நீலகிரிக்குப் போய், குளிர்ந்த ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று டிரவுட் மீன் பிடிப்பதாக ஏற்பாடு. அதற்கு வழிகாட்டியும் அவரேதான்.

ஈத்தூண்டில் என்றால் புழு, மாவு எதுவும் கிடையாது. கோழி இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி ஈ மாதிரி கட்டி, சாட்டை வீசுவதுபோல் வீசித் தண்ணீர்மேல் உட்கார வைக்க வேண்டும். மீன் அதை ஈ என்று நம்ப வேண்டும். எந்த மீனுக்கு எந்த இறகு, எந்தக் கம்புக்கு எந்த நூல், காற்றடித்தால் மணிக்கட்டை எப்படித் திருப்புவது என்பதெல்லாம் சிவராமனுக்குத் தலைகீழ்ப் பாடம். அத்தனையும் புத்தகத்தில் படித்தது, வீடியோவில் பார்த்தது.

ஆபீஸ் மீட்டிங்கில் அவர் வாயைத் திறந்தால் யாராவது மைக்கை அணைத்துவிடுவார்கள். வீட்டில் மனைவி சுதா மிக்ஸியைப் போடுவாள். இந்தப் பரந்த உலகத்தில் அவர் சொல்வதைக் கேட்டு, "சரிங்க தலைவரே" என்று சொல்வதற்கு நாலே நாலு பேர்தான் இருந்தார்கள். அந்த நாலு பேரை இழக்க அவர் தயாராக இல்லை.

நடந்துகொண்டே பதில் அடித்தார். "உண்மையான தூண்டில்காரன் எண்ணிக்கை வைத்துக்கொள்வதில்லை சார்."

பிரமாதமான பதில். தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள முடியாத வருத்தத்தோடு லிஃப்டில் ஏறினார். மூன்றாவது மாடி வருவதற்குள் விக்ரம் எழுதியிருந்தான்.

"செம தலைவரே. அப்போ ஒண்ணே ஒண்ணு எங்க கண் முன்னாடி பிடிச்சுக் காட்டிடுங்களேன்."

விக்ரம் பூந்தமல்லிக்காரன், மென்பொருள் பையன். குழுவில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவனுடைய தூண்டில் கம்பு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. தலைவர் நாற்காலிமேல் அவனுக்கு ஒரு கண் என்பது சிவராமனுக்கு முதல் நாளே தெரியும்.

ஜானகிராமன் தீர்ப்பு எழுதிவிட்டார். "ஞாயிறு காலை ஒத்திகை. யார் பிடிக்கும் மீன் பெரிதோ அவரே நீலகிரிப் பயணத்துக்குத் தலைவர். இடத்தைச் சிவராமனே முடிவு செய்யட்டும்."

நாலு கட்டைவிரல்கள் உயர்ந்தன. அதில் ஒன்று சிவராமனுடையது. வேறு வழி?

மறுநாள் ஆபீசிலிருந்து வந்ததும் மொட்டை மாடிக்குக் கம்பை எடுத்துக்கொண்டு போனார். மீன் பிடித்ததில்லையே தவிர, அவரால் முடியாது என்று அவர் ஒரு நிமிடம்கூட நினைத்ததில்லை. வீடியோவில் பார்த்தபடி கையை உயர்த்தி, ஒரு கணம் நிறுத்தி, வீசினார். நூல் அழகாகப் போய், குடியிருப்போர் சங்கச் செயலாளர் தட்சிணாமூர்த்தியின் லுங்கியில் முள் மாட்டியது. இழுத்தார். லுங்கி கொடியை விட்டுக் கிளம்பி மாடி முழுக்கப் பறந்து வந்தது.

"என்ன சார் பண்றீங்க?" என்றார் படியேறி வந்த தட்சிணாமூர்த்தி.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்க்கறேன்."

"என் லுங்கியை வெச்சா?"

ஒத்திகைக்கே ஒத்திகை பார்ப்பது சரிப்படாது என்று சிவராமன் புரிந்துகொண்டார். தன் கையைத் திருத்துவதைவிட மீனைத் திருத்துவது சுலபம்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுத் திருமழிசைக்குப் போனார். கன்னியம்மாளின் மீன் குளம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் வயலை ஒட்டி இருந்தது. பரம்பரையாக நெல் போட்ட குடும்பம். பாதி நிலம் இப்போது கிடங்காகிவிட, மீதியில் குளம் வெட்டிக் கட்லா வளர்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், மீனு வோணுமா?"

"மீன் வேணாம்மா. ஞாயித்துக்கிழமை காலையில குளம் மட்டும் வேணும். அஞ்சு பேர் வருவோம். பிடிப்போம், திரும்பத் தண்ணியிலேயே விட்டுடுவோம்."

"புடிச்சு?"

"விட்டுடுவோம்."

"கொழம்பு வெக்க மாட்டீங்க?"

"மாட்டோம்."

"வறுக்கவும் மாட்டீங்க?"

"மீனுக்கு ஒரு முத்தம் குடுத்து, போட்டோ எடுத்துக்கிட்டு விட்டுடுவோம். அதான்மா எங்க வழக்கம்."

கன்னியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஊட்ல அல்லாரும் நல்லாத்தான கீறாங்க?"

சிவராமன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒரு இறகு ஈயைத் தண்ணீரில் எறிந்து பார்த்தார். இரண்டு கட்லா மேலே வந்தன. ஈயைப் பார்த்தன. அவரையும் பார்த்த மாதிரி இருந்தது. கீழே போய்விட்டன.

"கோழி றெக்கைய அது எதுக்கு சார் துன்னும்?" என்றாள் கன்னியம்மாள். "தெனம் காலைல தவுடும் புண்ணாக்கும் வயிறு முட்டத் துன்னுகினு கீது."

சிவராமனுக்குப் பொறி தட்டியது. "அப்போ நாளையிலேர்ந்து தீனியை நிறுத்திடுங்க."

"தீனி போடாம மீனை வெச்சிகினு நா இன்னா பண்றது? எளச்சுப் பூடுமே."

"அது உங்க பாடு. எங்களுக்கு வேண்டியது குளம்தான்."

"கொளம் மட்டும்தான?"

"எத்தனை தடவைம்மா சொல்றது? குளம்தான். இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமை எங்க ஆளுங்க இருக்கும்போது நான் வந்தது, சொன்னது எதைப் பத்தியும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"நா எதுக்குத் தொறக்கறேன்," என்றாள் கன்னியம்மாள்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. உலகமே தன் பக்கம் என்று சிவராமன் நினைத்துக்கொண்டிருந்தபோது, குமணன்சாவடி நிறுத்தத்தில் ஒரு எண்ணம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. பட்டினி கிடக்கிற மீன் தலைவரின் ஈ எது, விக்ரமின் ஈ எது என்று பார்த்தா கடிக்கும்?

இதற்கும் ஒரு வழி செய்தார். அன்று சாயங்காலமே நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக, என்ன சாமான் கொண்டுவரட்டும் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு, புத்தகத்தில் எதையெல்லாம் செய்யாதே என்று போட்டிருக்கிறதோ அதையெல்லாம் செய்யச் சொன்னார்.

"ரோஸ் கலர் இறகு, எலுமிச்சம்பழ சைஸ்ல கட்டிக்கோ," என்றார் விக்ரமிடம்.

"அவ்வளவு பெரிசாவா?"

"பெரிய மீன் வேணுமா, வேணாமா?"

ரேஷ்மா பல் மருத்துவர். அவளிடம், "உங்க நிழல் தண்ணியில விழற மாதிரி நில்லுங்க டாக்டர். வெயில் நேரத்துல மீன் நிழலைத் தேடி வரும்," என்றார்.

ஜானகிராமனுக்குத் துணி காயப்போடும் மஞ்சள் நைலான் கயிறு. "தடிமன்தான் சார் தரம்." தரம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை.

திருமழிசையில் லேத் பட்டறை வைத்திருக்கும் உதயகுமார்தான் கொஞ்சம் சந்தேகப்பட்டான். "கம்பால தண்ணிய அடிக்கணுமா? சத்தம் கேட்டா மீனு ஓடிப் பூடாதா அண்ணாத்தே?"

"கட்லா ஓடாது. என்னன்னு பார்க்க வரும்."

"நீ சொன்னா சரிதான் தலைவரே."

அந்தக் கடைசி வார்த்தை சிவராமனுக்குச் சுருக்கென்று தைத்தது. பாவம், நம்புகிறான். ஆனால் தலைமை என்று வந்துவிட்டால் இதையெல்லாம் பார்க்க முடியாது என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டு, சுதா மிக்ஸியை நிறுத்தியதும் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஐந்து பேரும் குளக்கரையில் நின்றார்கள். கன்னியம்மாள் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். சொன்ன சொல் தவறாதவள், "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை.

உதயகுமார் கம்பை ஓங்கித் தண்ணீரைப் படார் படார் என்று நாலு அடி அடித்தான். ஐந்தாவது அடியில் கம்பு வளைந்தது. வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு ஒரு கட்லா வெளியே வந்தது.

"தலைவரே, நீ சொன்னது அப்டியே நடந்துச்சு," என்றான் கண் கலங்க. முத்தம் கொடுத்தான், போட்டோ எடுத்தான், விட்டான்.

அரை மணியில் ரேஷ்மாவின் நிழலுக்குள் ஒரு கட்லா வந்தது. "கொஞ்சம் வாயைத் திற, வலிக்காது," என்று பழக்க தோஷத்தில் சொல்லியபடியே முள்ளை நோகாமல் எடுத்தாள். முத்தம், போட்டோ, விட்டாள். "தேங்க்ஸ் தலைவரே. இந்த நிழல் விஷயம் எந்த வீடியோலயும் இல்லை."

சிவராமன் பல்லைக் கடித்துக்கொண்டு வீசினார். அவருடைய கம்பு, நூல், ஈ எல்லாம் புத்தகத்தில் இருக்கிறபடி அச்சுப் பிசகாமல் இருந்தன. மீன்தான் புத்தகம் படித்ததாகத் தெரியவில்லை.

எட்டரை மணிக்கு ஜானகிராமனின் மஞ்சள் கயிறு இறுகியது. ஒன்பதே காலுக்கு விக்ரமின் ரோஸ் எலுமிச்சம்பழம் தண்ணீருக்குள் போனது. ஒவ்வொருவரும் கட்லாவை முத்தமிட்டு விட்டுவிட்டு, நேராக வந்து சிவராமனின் கையைக் குலுக்கினார்கள். ஒவ்வொரு குலுக்கலும் அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. குலுக்கும்போது வலது தோள் வேறு கழன்றுவிடும்போல் வலித்தது.

"தலைவரே," என்றான் விக்ரம் மெதுவாக. "என்கிட்ட இன்னொரு ரோஸ் இருக்கு. வேணுமா?"

அந்தக் குரலில் இருந்த பரிதாபத்தைத்தான் சிவராமனால் தாங்க முடியவில்லை. ஆனாலும் வாங்கிக் கட்டினார். கண்ணை மூடிக்கொண்டு வீசினார்.

நூல் விண்ணென்று இழுபட்டது.

நாற்பத்தாறு வயதில் அவர் வாழ்க்கையின் முதல் மீன். ஒரு உயிர் நூலின் அந்த முனையிலிருந்து தன் கையைப் பிடித்து இழுப்பது இப்படி இருக்கும் என்று எந்த வீடியோவும் சொல்லவில்லை. கரைக்கு வந்ததும் அதற்கு ஒன்றுக்கு மூன்றாக முத்தம் கொடுத்தார். விட மனமே இல்லை.

"சார், அது மூச்சு விடணும்," என்று ரேஷ்மா சொன்ன பிறகுதான் விட்டார்.

ஐந்து பேரும் பிடித்தாகிவிட்டது. இப்போது தலைவர் யார் என்று முடிவாக வேண்டும். சிவராமனுக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இனி அவர் பொய்த் தலைவர் இல்லை.

"என்னுது அஞ்சு கிலோ இருக்கும்," என்றார்.

"இன்னா அண்ணாத்தே, அஞ்சா? என்னுதுதான் பெர்சு. தூக்கவே முடியல," என்றான் உதயகுமார்.

"என் மீன் தோராயமாக மூன்று கிலோ நானூறு," என்றார் ஜானகிராமன். "தோராயம் என்றால் பத்து கிராம் முன்னே பின்னே. ஆகவே உங்களுடையது மூன்றைத் தாண்டாது."

"போட்டோ பாருங்க," என்றான் விக்ரம். பார்த்தார்கள். பயனில்லை. ஐந்து பேரும் மீனைக் கேமராவுக்கு நேராகக் கையை நீட்டிப் பிடித்திருந்ததால் ஐந்து போட்டோவிலும் மீன் ஆளைவிடப் பெரிதாக இருந்தது.

"ரோஸ் ஈ என்னோடது. அதனால உங்க மீனும் ஒரு வகையில என்னோடதுதான்."

"அப்படின்னா ரோஸ் கட்டச் சொன்னது யாரு?"

"நிழல்ல பிடிச்சதுதான் கஷ்டம். அதுக்குத் தனி மார்க் வேணும்," என்றாள் ரேஷ்மா.

பேச்சு தடித்தது. விக்ரம் கம்பை மூன்றாக மடித்துப் பையில் வைத்தான். "நியாயம் இல்லாத குழுவில நான் இருக்க மாட்டேன். நீலகிரிக்கு நான் தனியாப் போய்க்கறேன்." ஜானகிராமனும் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

நாலு பேரும் கை நழுவிப் போவதைச் சிவராமன் பார்த்தார். இத்தனை வருடமாகப் பொய்யில் ஓட்டியதை, உண்மையாகவே ஒரு மீன் பிடித்த அன்றைக்கா இழப்பது? அவருக்குத் துணிச்சல் வந்தது.

"நில்லுங்க. நமக்குள்ள எதுக்குச் சண்டை? காலையிலேர்ந்து அஞ்சு மீனையும் நேர்ல பார்த்தவங்க ஒருத்தர் இருக்காங்க. அவங்களுக்கு யார் மேலயும் பட்சபாதம் கிடையாது." கன்னியம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. எங்க அஞ்சு பேர்ல யார் பிடிச்ச மீன் பெரிசு?"

கன்னியம்மாள் எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டாள். சிவராமனைப் பார்த்துத் தயங்கினாள். "பேசலாமா சார்?"

"தாராளமா பேசுங்க. பயப்படாம உள்ளதை உள்ளபடி சொல்லுங்க."

"இன்னாத்த சொல்றது? நேத்தே வலை போட்டு மொத்தத்தையும் வண்டி ஏத்தி அனுப்பிட்டேன், வலைக்குத் தப்பிச்சு நின்ன அந்த ஒத்தக் கட்லாவத்தான காலைலேர்ந்து அஞ்சு பேரும் மாத்தி மாத்திப் புடிச்சு முத்தம் குடுத்துகினு கீறீங்க."