அறுபத்திரண்டு தழும்புகள்

ஐம்பத்தாறாம் வருஷம் திருவள்ளூர் வட்டாரத்துக்கு நைலான் சட்டையும் பகுத்தறிவும் ஒரே ரயிலில் வந்து இறங்கின. இரண்டையும் முதலில் வாங்கி மாட்டிக்கொண்டவர் அம்மை குத்தும் இன்ஸ்பெக்டர் வீரராகவன். நெற்றி நாமத்தை அழித்தார். சாயங்காலக் கூட்டங்களில், "கண்ணால் காணாததை நம்புகிறவன் மடையன்" என்று முழங்கினார். பகல் நேரத்தில் மாட்சிமை தங்கிய பதிவேட்டைப் பராமரித்துவந்தார்.

அந்தப் பதிவேட்டைத் தேடித்தான் திருநின்றவூர்ப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஆசீர்வாதம், மகள் சாராளைக் கூட்டிக்கொண்டு அவர் ஆபீசுக்கு வந்தார். பக்கத்துக் கிராமத்தில் மூன்று பேருக்குப் பெரியம்மை போட்டிருந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் சாராளோடு சேர்த்து அறுபத்திரண்டு பிள்ளைகள். ஒரு கையிலும் ஊசி பட்டதில்லை.

"வா வாத்தியாரே. இன்னும் முழங்கால் போட்டுக்கினுதான் கீறியா? கடவுளைக் கண்ணால காட்டு, நானும் பக்கத்துல மண்டி போடறேன்."

"அது அப்பறம் சார். பசங்களுக்கு அம்மை குத்தணும். ஊரே பேஜாரா கீது."

"உங்க பசங்களுக்கு ஆடி மாசமே குத்தியாச்சே. ரிஜிஸ்டர்ல கீது."

"தழும்பே இல்லியே சார்."

"கையில பதியாம போயிருக்கும். ரிஜிஸ்டர்ல பதிஞ்சிருக்குது இல்ல?"

ஆசீர்வாதம் சாராளின் சட்டைக் கையை ஏற்றிவிட்டார். ஆறு வயசுக் கை வழவழவென்று மேஜைமேல் நீண்டது. வீரராகவன் அதைப் பார்க்காமல் பேனாவுக்கு மை ஊற்றினார்.

"கையைப் பாத்து ரிஜிஸ்டரைத் திருத்த ரூல் இல்ல."

ஆசீர்வாதம் அந்தக் கையை இன்னும் முன்னால் நகர்த்தினார்.

"சார், எங்க ஆண்டவர் உயிர்த்தெழுந்து வந்தப்போ, தோமான்னு ஒரு சீஷர் ஆணி அடிச்ச தழும்பைத் தொட்டுப் பாத்தாத்தான் நம்புவேன்னார். ஆண்டவர் அவரை வெரட்டலை. கையை நீட்டிக் காட்டினார். சந்தேகப்படறவனுக்கு எங்ககிட்ட அவ்ளோ மரியாதை. நாங்க தழும்பே இல்லாத கையைக் காட்டினாலும் நீங்க ரிஜிஸ்டரைத்தான் நம்பறீங்க. உங்க பக்தி எங்களுக்கு வராது சார்."

குமாஸ்தாக்கள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஆசீர்வாதத்துக்கே தன் பதில்மேல் கொஞ்சம் பெருமை வந்தது. வீரராகவன் நிதானமாகப் பதிவேட்டைப் புரட்டிப் படித்தார்.

"'மேற்படி அறுபத்திரண்டு பேருக்கும் என் கண்ணெதிரில் அம்மை குத்தப்பட்டது.' கீழ யார் கையெழுத்து?"

"என்னுதுதான். மருந்து கொண்டாரல, நாளைக்கு வந்து குத்தறேன், இப்ப கையெழுத்து போடுன்னீங்க. நம்பிப் போட்டேன்."

"பாக்காம நம்பினே! இதைத்தான்யா நான் மேடைக்கு மேடை சொல்றேன். உன்னமாதிரி ஆளுங்களாலதான் நாடு உருப்படல."

மறுபடி குத்த வேண்டுமானால், பொய்க் கையெழுத்துப் போட்டதாக எழுதித் தர வேண்டும் என்றார். எழுதினால் வேலை போகும். ஆசீர்வாதம் சாராளைப் பார்த்தார், எழுதிக் கொடுத்தார். பிள்ளைகளைப் பட்டணத்துக்கு ரயிலேற்றிக் கொண்டுபோய்க் குத்திவிடலாமே என்று ஊரார் சொன்னார்கள். "எழுதிக் குடுத்தாச்சு, உத்தரவு வரும்" என்று மனிதர் காத்திருந்தார். ஆண்டவரைக்கூட அவர் அவ்வளவு நம்பியதில்லை.

ஐந்தாவது வாரம் உத்தரவு வந்தது. "பொய்யர் எனத் தாமே ஒப்புக்கொண்டவரின் சொல் ஏற்கத்தக்கதன்று. எனவே, பொய்க் கையெழுத்துப் போட்டதாக அவர் கூறுவதும் பொய். அறுபத்திரண்டு பேருக்கும் அம்மை குத்தப்பட்டது மெய். ஆசிரியர் பணியில் நீடிக்கலாம்."

அதற்கு ஒரு வாரம் முன்பே பள்ளிக்கூடத்துக்குள் அம்மை புகுந்திருந்தது.

மறு வருஷம், பதவி உயர்வு பெற்ற வீரராகவன் தணிக்கைக்கு வந்தார். கண்ணால் பார்க்காமல் எழுதுவதில்லை என்பதில் இப்போது மிகவும் கண்டிப்பாக இருந்தார். பிள்ளைகள் வரிசையாகக் கை நீட்டினார்கள். சாராளின் கையில் தோள்வரை குழி குழியாக இருந்தது. "தழும்பு நன்கு பதிந்துள்ளது, பதிவேடு சரி" என்று எழுதினார். ஒன்பது பேர் வரவில்லை. அவர்களை அடக்கம் செய்து மாசக்கணக்காகியிருந்தது. அந்தப் பெயர்களுக்கு நேரே "ஆஜர் இல்லை" என்று குறித்தார்.

"இன்னா வாத்தியாரே, கையெழுத்து போடறியா?"

ஆசீர்வாதம் மகளின் கையை எடுத்துத் தடவினார். இந்த முறை, தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.